பினாங்குக் கடலில் உடைந்த கப்பலா? அது திரைப்படக் காட்சி

பினாங்குக் கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்று இரண்டாக உடைந்ததாகவும், சிறு படகில் சென்றவர்கள் 32 பேரை மீட்டதாகவும் ஒரு காணொளி புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறான செய்தி. அக்காட்சிகள் 2016இல் வெளிவந்த 'தி ஃபைனஸ்ட் அவர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தைச் சேர்ந்தவை.

அப்படம் சொல்லும் மீட்பு உண்மையானது. ஆனால் அது நடந்தது 1952 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம். குளிர்காலப் புயலில் 'பெண்டில்டன்' என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தபோது, பெர்னார்ட் வெபர் தலைமையில் கடலோரக் காவல் படையினர் நால்வர், 36 அடி நீள மரப் படகில் சென்று, பின்பகுதியில் தவித்த 33 பேரில் 32 பேரைக் கரைசேர்த்தனர். முன்பகுதியில் இருந்த கப்பல் தலைவர் உட்பட எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. இத்தனை பெரிய தியாகத்தை ஊரும் பெயரும் மாற்றிப் பரப்புவது அம்மனிதர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மீட்பு விவரங்களை அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் வரலாற்றுப் பக்கங்களில் காணலாம். நம் கடற்பகுதி விபத்துகளை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் அறிவிப்புகளிலும், ஐயத்துக்குரிய செய்திகளைச் 'செபெனார்ஞா' இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம்.

பினாங்கின் தெலுக் பகாங், பத்து மாவுங் மீனவக் குடும்பங்கள் இதைக் கண்டு பதறக்கூடும் என்பதால், இக்காணொளியை இனிப் பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்த குழுக்களில் இத்திருத்தத்தைத் தெரிவித்துவிடுங்கள்.