செலிகா எந்த ஊர்க்காரி?

வாஸ்கோ ட காமாவை நாயகனாக வைத்து ஒரு பிரெஞ்சு ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசைநாடகம், இருக்கிறது. அதன் நான்காம் அங்கத்தில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மீது பிரெஞ்சு மொழியில் சத்தியம் செய்கிறார்கள். ஓபராவின் பெயரோ 'ஆப்பிரிக்கப் பெண்'! முதன்முதலாக ஒலிப்பதிவில் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பாவம், இசையமைத்த மேயர்பேர் மீது பழி போட முடியாது. 1837இல் வேலையைத் தொடங்கியபோது கதை ஆப்பிரிக்காவில்தான் நடந்தது. பல வருடங்கள் கழித்து வாஸ்கோவை உள்ளே கொண்டுவந்து, நாயகி செலிகாவை இந்தியப் பக்கத்து அரசியாக்கி, பெயரையும் 'வாஸ்கோ ட காமா' என்று மாற்றினார். மேடையேறுவதற்குள், 1864 மே மாதம் இறந்துபோனார். ஒழுங்குபடுத்தும் பொறுப்பேற்ற இசை அறிஞர் ஃபேத்தீஸ் நிறைய வெட்டினார். ஊரறிந்த பெயர் என்பதால் பழைய தலைப்பையே ஒட்டவைத்தார். 1865இல் பாரிஸில் அரங்கேறி, உலகெங்கும் ஓடி, இருபதாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட மறைந்தது. ஐந்து அங்கம், பாலே, பெரும் பாடகர் குழு, ஓர் அங்கம் முழுக்கக் கப்பல் என்று செலவு பயங்கரம். போதாக்குறைக்கு மேயர்பேர் யூதர்: ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் யூத வெறுப்பு எழுத்து, பிறகு நாஜிகளின் தடை.

2013இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரம் வெட்டுகளை நீக்கி மேயர்பேர் வைத்த பெயரிலேயே மேடையேற்றியது. அதுதான் சரியான வழி. 2018இல் ஃபிராங்ஃபர்ட்டில் இயக்குநர் டோபியாஸ் க்ராட்ஸர் கதையை விண்வெளிக்குக் கொண்டுபோனார். வாஸ்கோ விண்வெளி வீரர், செலிகாவின் மக்கள் நீல நிற வேற்றுக்கிரகவாசிகள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. வேற்றுக்கிரகத்தில் யாருக்கும் சங்கடம் இல்லை.

மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். போர்த்துகீசியக் கப்பலில் உள்ளூர்க்காரர்கள் ஏறி வெட்டிச் சாய்க்கிறார்கள். நிஜத்தில் 1502இல், மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய கப்பலை மலபார்க் கரையருகே கொளுத்தியவர் இதே வாஸ்கோ. அந்தத் தலைகீழ்க் கணக்கை மறைக்காமல், அந்தக் காலப் பாய்மரம், பூணூல், பொய்க் கோபுரம் எல்லாவற்றோடும் மேடையில் நிறுத்தும் இயக்குநருக்காகக் காத்திருக்கிறேன். இசைக்கு அந்தத் தெம்பு இருக்கிறது.

கதையின் முடிவில் செலிகா உயிரைவிடும் மான்சினீல் என்ற நச்சுமரத்தை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அது அமெரிக்கக் கடலோரத்து மரம். இயல்பாக ஆப்பிரிக்காவிலும் வளராது, கோழிக்கோட்டிலும் வளராது.