அந்த இருட்டை அப்படியே விடுங்கள்

நேற்று நண்பர் ஒருவர் பிரான்ஸ் போய்வந்த படங்களைப் போட்டு என்னையும் டேக் செய்திருந்தார். ஷார்த்ர் பேராலயத்தின் உட்புறம். வளைகூரையின் கல் விலா ஒவ்வொன்றும் தெரிகிறது. கீழே வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகளின் பின்னல்கூடத் தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் அதே பளிச்சில் தெரிகின்றன. நூற்றுக்கணக்கில் லைக். நல்ல மனிதர், நல்ல கேமரா, காலையிலேயே போய்க் காத்திருந்து எடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருட்டையெல்லாம் வெளிச்சமாக்கிக் காட்டும் இதே தவறை நான் 2012இல் செய்தேன். அதனால் எனக்கு என்ன போயிற்று என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஷார்த்ர் பாரிஸுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மோன்பர்னாஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், கோதுமை வயல்களுக்கு நடுவே முதலில் இரண்டு கோபுரங்கள்தான் கண்ணில் படும், ஊர் பிறகுதான். இரண்டும் ஒன்றுபோல் இராது. தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டின் வழவழப்பான கூம்பு. வடக்குக் கோபுரத்தின் உச்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, முழுக்கப் பூவேலை. 1194இல் ஒரு பெருந்தீயில் பழைய கோயிலின் பெரும்பகுதி போய்விட்டது. மேற்கு முகப்பும் அதன் மூன்று நீண்ட ஜன்னல்களும் தப்பின. மற்றதையெல்லாம் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் கட்டி எழுப்பி, 1260இல் வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். சுமார் 2,600 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி. அதில் பெரும்பகுதி இன்னும் அந்தக் காலத்துக் கண்ணாடியேதான். 1939இல் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஜன்னல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்தபின் திரும்பப் பொருத்தினார்கள். அந்த வேலையை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும்.

2012 நவம்பரில் பாரிஸ் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேகமூட்டமான ஒரு நாளில் தனியாகக் கிளம்பி ஷார்த்ர் போனேன். உள்ளே நுழைந்து பின்னால் கதவு சாத்தியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் ஜன்னல்கள் வந்தன. வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். சுவரே தெரியாததால், அவை எதிலும் பதித்திருப்பதாகத் தோன்றவில்லை. கறுப்பில் நீலமாகத் தாமே மிதந்தன. கால் மணி நேரம் கழித்துத்தான் தூண்கள் தெரிந்தன, அதுவும் விளிம்பு மட்டும். வளைகூரை ஏறக்குறைய 37 மீட்டர் உயரம் என்று படித்திருந்தேன். ஆனால் அன்று அது எங்கே முடிகிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவே இல்லை.

தெற்குப் பக்கம் ஒரு ஜன்னலில் நீல மாதா இருக்கிறாள். 1180 வாக்கில் செய்த உருவம், தீயில் தப்பியது. சுற்றியிருக்கும் தேவதூதர்கள் 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். அவள் உடையின் நீலத்தை எழுத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கோணத்தையும் நான்கைந்து ஒளியளவில் எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து எச்டிஆர் ஆக்கினேன், அதாவது இருட்டும் வெளிச்சமும் ஒன்றுபோலத் தெரியும் ஒரே படமாக. இருட்டாக இருந்த இடங்களையெல்லாம் தூக்கினேன், கண்ணாடியின் வெளிச்சத்தை இறக்கினேன். சுவர், தூண், கூரை, ஜன்னல், எல்லாம் சமமாகத் தெரிந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெருமை. முகநூலில் போட்டேன். "நேரில் பார்த்த மாதிரி இருக்கு" என்று பலர் எழுதினார்கள். நேரில் பார்த்தது நான் ஒருவன்தான். நான் பார்த்தது அப்படி இல்லவே இல்லை. ஆனாலும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் நிறைந்தபோது, முடித்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு கேமரா பதிவு செய்த மூல ஃபைல்கள் (ரா ஃபைல்கள்) அத்தனையையும் அழித்தேன்.

2018இல் மறுபடி போனேன். நடுக்கூடத்தின் சுவர்கள் வெளிறிய மஞ்சளில் பளபளவென்று இருந்தன.

நடந்தது இதுதான். 2009 வாக்கில் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. நூற்றாண்டுகளாக ஏறிய மெழுகுவத்திப் புகை, கரி, தூசி எல்லாவற்றையும் எடுத்தபோது, அடியில் 13ஆம் நூற்றாண்டுப் பூச்சு கிடைத்தது. மஞ்சள் கலந்த வெளிர் நிறம், அதன்மேல் கல் அடுக்கியதுபோல வெள்ளைக் கோடுகள். அதையே மீட்டெடுத்தார்கள். தலைமுறைகளாகக் 'கறுப்பு மாதா' என்று மக்கள் வணங்கிவந்த 16ஆம் நூற்றாண்டு மரச்சிலைகூட இப்போது வெள்ளை முகத்தோடு இருக்கிறாள். 2014 வாக்கில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. சுவர் வெளுத்ததால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது, ஜன்னல்கள் ஒளி மங்கிவிட்டன என்றார்கள் எதிர்த்தவர்கள். கட்டியவர்கள் கண்ட கோயில் இதுதான், நீங்கள் ரசித்தது அழுக்கை என்றார்கள் மற்றவர்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. பூச்சு அங்கே இருந்தது உண்மை, கற்பனை இல்லை. நான் மெய்மறந்து உட்கார்ந்திருந்த கறுப்பில் பாதி மெழுகுவத்திக் கரி என்பதும் உண்மை. அந்தக் கரி, எண்ணூறு வருடம் மக்கள் அங்கே வந்து விளக்கேற்றிக் கும்பிட்டதன் மிச்சம் என்பதும் உண்மைதானே? சீரமைப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. எனக்கு அந்தக் கறுப்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, பழைய படங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று இரவே அக்கா வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றில்கூட அந்தக் கறுப்பு இல்லை. 2012 நவம்பரில் நடுக்கூடம் கன்னங்கரேலென்று இருந்தது. என் படங்களில் அது இளஞ்சாம்பல். சீரமைப்பவர்கள் ஆதாரம் பார்த்து, ஆராய்ந்து, வருடக்கணக்கில் செய்ததை நான் ஒரு ஸ்லைடரை இழுத்துச் செய்திருக்கிறேன். இனி யாரும் எடுக்க முடியாத படம் அது. ஆறு மாதம் கழித்து நினைத்தாலும் வயிற்றைப் பிசைந்தது.

பழைய கட்டடங்களை அரசே படமெடுத்துப் பதிவு செய்யக் கிளம்பியதும் இந்த மாதிரி இழப்பைப் பயந்துதான். 1851இல் பிரெஞ்சு அரசின் நினைவுச்சின்ன ஆணையம் ஐந்து புகைப்படக்காரர்களை நாடெங்கும் அனுப்பியது. இடிந்துகொண்டிருக்கும், சீரமைக்கப்போகும் கட்டடங்களை அப்போது இருந்தபடியே பதிவு செய்யச் சொன்னது. அந்த ஐவரில் ஒருவர் ஆன்றி லெ செக். ஓவியம் பயின்றவர். காகித நெகட்டிவில் எடுத்தார். 1852 வாக்கில் ஷார்த்ரின் வாசல் சிற்பங்களை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். தூணோடு தூணாக ஒட்டி நீண்டு நிற்கும் அந்த அரசர்கள், அரசிகளின் உடை மடிப்புகளுக்குள் நிழல் அப்படியே கருமையாகக் கிடக்கிறது. சிதைந்த கை சிதைந்தபடியே இருக்கிறது. அந்தச் சிலைகளில் சில இன்று வாசலில் இல்லை. அசலை உள்ளே பத்திரப்படுத்திவிட்டு நகலை நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு லெ செக்கின் காகிதம் இருக்கிறது.

பாரிஸ் நோத்ருதாமும் அப்படித்தான். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் அந்தப் பேராலயத்தை லேசர் கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து வைத்தார். கோடிக்கணக்கான புள்ளிகள். கோணல் தூண் கோணலாகவே அதில் இருக்கிறது. 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது.

நான் மிகவும் மதிக்கும் இன்னொருவர் ஃபிரெடரிக் எவன்ஸ். லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1898இல் கடையை விட்டுவிட்டுப் பேராலயங்களைப் படமெடுக்கக் கிளம்பினார். பேராலயத்துக்குப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் தங்கி, எந்தத் தூணில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நாற்காலிகளை எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பார். ஆனால் நெகட்டிவில் கைவைக்க மாட்டார். 1903இல் வெல்ஸ் பேராலயத்தில் அவர் எடுத்த 'படிகளின் கடல்' படத்தைத் தேடிப் பாருங்கள். நடந்து நடந்து தேய்ந்த கல் படிகள் அலை அலையாக ஏறுகின்றன. மேலே ஒரு வளைவுக்குள் வெளிச்சம். பிளாட்டினம் பூசிய தாளில் அச்சிட்டார், ஏனென்றால் கருமைக்குள் இருக்கும் நுணுக்கமான படிநிலைகளை அந்தத் தாள்தான் தாங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிளாட்டினம் விலை ஏறி அந்தத் தாள் கிடைக்காமல் போனதும், படமெடுப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

எச்டிஆர் பற்றிப் பேசினாலே ஒரு பதில் வரும்: "இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வீச்சு கேமராவைவிடக் கண்ணுக்கு அதிகம், கண் பார்ப்பதைத்தான் எச்டிஆர் காட்டுகிறது." பாதி சரி. கண் ஜன்னலைப் பார்க்கும்போது சுவரை விட்டுவிடுகிறது. சுவர்ப் பக்கம் திரும்பினால், பழக அதற்கு நேரம் பிடிக்கிறது. முழு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஜன்னலின் நீலத்தையும் கூரையின் விலாவையும் ஒரே கணத்தில் ஒரே வெளிச்சத்தில் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் சாகும், நீலம் கடைசிவரை நிற்கும். பூர்க்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். ஷார்த்ரில் மாலை நேரம் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடக்குப் பக்க ஜன்னல்களில் சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப்போகும், நீலம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை எச்டிஆர் அடியோடு கொன்றுவிடும்.

சிற்பத்தை ஆராய்பவருக்கு நிழலுக்குள் இருப்பதும் தெரிய வேண்டும். அவர் விளக்குப் போட்டு எடுக்கட்டும், அது வேறு வேலை. நான் சொல்வது போய்ப் பார்த்துவிட்டு வந்து "இப்படி இருந்தது" என்று காட்டும் நம்மைப் பற்றி.

போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளே போனதும் போனைப் பைக்குள் வையுங்கள். இருபது நிமிடம் உட்காருங்கள். வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம். கண்ணாடிக்கு மேகமூட்டம்தான் நல்லது, வெளிச்சம் ஒரே சீராக வரும். சுள்ளென்ற வெயிலில் சில துண்டுகள் மட்டும் வெளுத்துப்போகும். ஆனால் வெயில் இருந்தால் தரையைப் பாருங்கள், கல்லில் நிறம் சிந்தியிருக்கும். மேற்கு ஜன்னல்களைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் போடவே போடாதீர்கள். வெளியிலிருந்து ஒளி வரும் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து விளக்கடித்தால் ஈயச் சட்டமும் தூசியும்தான் தெரியும். போனில் நைட் மோடை அணைத்துவிட்டு, ஜன்னலின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, ஒளியளவைக் கீழே இழுங்கள், நிறம் கெட்டியாகும்வரை. சுவர் கறுப்பானால் ஆகட்டும். ஜன்னலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எல்லாம் பின்னால் சாயும். எதிர்ப்பக்கம் போய்த் தூணில் முதுகைச் சாய்த்து ஜூம் செய்தால் நேராக வரும், கையும் ஆடாது.

பெரிய ரோஜா ஜன்னல்களை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் கீழ் வரிசையைப் பாருங்கள், கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கும். பல ஜன்னல்களின் அடியில் அந்த ஊர்த் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், ரோமத்தோல் விற்பவர். புனித ஷெரோன் ஜன்னலின் அடியில் சிற்பிகள் அரசர் சிலை செதுக்குகிறார்கள், அதில் ஒருவர் உளியை வைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார். எண்ணூறு வருடமாக அந்த இடைவேளை முடியவில்லை. எனக்கு அந்தப் பேராலயத்திலேயே மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

எடுத்த மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

2018இல் எடுத்ததில் ஒன்றே ஒன்றைக் கீழே போட்டிருக்கிறேன். மாலை, வடக்குப் பக்கம், சிவப்பெல்லாம் போனபிறகு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதலில் அக்காவுக்குத்தான் வாட்ஸப்பில் அனுப்பினேன். "என்னடா, ஒண்ணுமே தெரியல, கறுப்பா இருக்கு" என்றாள். "ஹால் லைட்ட அணைச்சிட்டுப் பாருக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "எவ்ளோ நீலம்டா" என்று எழுதியிருந்தாள்.

நீங்களும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.