ஒரே கார்டை எத்தனை தடவை நகலெடுப்பது?

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டு, அதன் எஸ்டி கார்டை டிடி என்ற லினக்ஸ் கட்டளையால் மற்றப் பைகளுக்கும் அப்படியே நகலெடுக்கலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றிரண்டுக்குச் சரி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து வாட்டும் மாடியின் ஈரப்பதம் பார்க்க நாங்கள் வரிசையாக ராஸ்பெரி பைகளை மாட்டியிருக்கிறோம். நகலெடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து நுழையும்போது இது எந்தக் கணினி என்று காட்டுவது), ஒரே மெஷின் ஐடி (லினக்ஸ் ஒவ்வொரு கணினிக்கும் தரும் அடையாள எண்). நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி ஓடினால், ரூட்டரிடம் ஐபி முகவரி கேட்கும்போது காட்டும் டிஎச்சிபி அடையாளமும் அந்த ஐடியிலிருந்துதான் உருவாகும்; ரூட்டர் இரண்டு பைகளுக்கு ஒரே ஐபியைத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் எது எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். நகலெடுத்தே ஆக வேண்டுமென்றால் மூலக் கார்டில் மெஷின் ஐடி இருக்கும் /etc/machine-id கோப்பைக் காலியாக்கி, எஸ்எஸ்எச் சாவிகளை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி வைத்துவிடுங்கள்.

நகலெடுப்பதைவிட, தேவையானதை மட்டும் சேர்த்து லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவி எங்களுக்குத் தோதாக இருக்கிறது. கம்பைலரையே முதலில் கட்டுவதால் முதல் பில்டுக்குப் பொறுமை வேண்டும். இறக்கிய மூலக் கோப்புகள் இருக்கும் டிஎல் ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள், இந்த மலையில் கிடைக்கிற சிக்னலுக்கு அத்தனையையும் மறுபடி இறக்க முடியாது!

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். எனவே கார்டு கெடாமலிருக்க, சிஸ்டம் இருக்கும் ரூட் பகிர்வு ரீட் ஒன்லி, அதன் மேல் எழுதுவதையெல்லாம் தாங்க ராமில் ஓவர்லே. அளவீடுகளுக்கு மட்டும் தனிப் பகிர்வு.

இன்னொன்று: பழைய ராஸ்பெரி பை ஸீரோவின் ப்ராசஸர் ஏஆர்எம்வி6 வகை. டெபியன் லினக்ஸின் 32 பிட் ஏஆர்எம் பதிப்பான ஏஆர்எம்எச்எஃப் அதற்கு அடுத்த ஏஆர்எம்வி7 கேட்கும், அந்த இமேஜ் அதில் ஓடாது. கட்டுரையில் அதையும் சேர்த்துவிடுங்கள்.