கேட்டுவிட்டு அனுப்புங்கள்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தில் போட்ட வெள்ள நிவாரண முகாமில் தன்னார்வப் பிள்ளைகள் சாம்பார் சாதப் பொட்டலங்களைக் குழியில் கொட்டுகிறார்கள். கீழே "சோத்துத் திமிர்" என்று வரிசையாகக் கமெண்ட். பாதி நம்ம வேலூர்க்காரர்கள் போட்டது, அதுதான் வலிக்கிறது.

அது காலையில் கட்டிச் சாயங்காலம் வந்து சேர்ந்த சாதம். கொதிக்கக் கொதிக்க ஃபாயில் கவரில் அமுக்கி, அட்டைப்பெட்டியில் அடுக்கினால் நடுவில் உள்ள பொட்டலம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அரிசியில் உள்ள ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. அந்தச் சூட்டில் பெருகி நஞ்சை விடும். மறுபடி சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. தின்றால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி. முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அந்த மண்டபத்தில் அதுவும் இல்லை. அங்கே குழந்தைகளுக்கு வாந்திபேதி வந்தால் யார் பொறுப்பு?

கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்டிருந்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு கேஸ் சிலிண்டர் என்று சொல்லியிருப்பார்கள், அங்கேயே சமைத்திருக்கலாம். சமைத்துத்தான் தருவேன் என்றால் புளிசாதம் கட்டுங்கள், சாம்பார் சாதத்தைவிடத் தாங்கும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். கட்டிய நேரத்தைப் பெட்டிமேல் எழுதுங்கள்.

"கொடுக்கிற மனசைக் குறை சொல்லாதே" என்பீர்கள். மனசை யாரும் குறை சொல்லவில்லை. கெட்ட சோறு நல்ல மனசோடு வந்தாலும் கெட்ட சோறுதான். "யாருக்கும் தெரியாமல் மறைவாகக் கொட்டியிருக்கலாமே" என்றால், சரி, கொட்டியிருக்கலாம்.

"கேட்க நேரம் எங்கே?" என்பவருக்கு: மாவட்டப் பேரிடர் எண் 1077. முகாமில் விஏஓ இருப்பார். ஐந்து நிமிஷ போன்.

வெள்ளம் நமக்குப் புதுசா? 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்யா ஆறு குடியாத்தத்துக்குள் வந்ததையும் பாலாறு இருகரை தொட்டு ஓடியதையும் பார்த்த ஊர் இது. இன்னும் முகாமென்றால் பழந்துணி மூட்டையும் தண்ணீர் பாட்டிலும்தான் தோன்றுகிறது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். 200 பேருக்கு 3,000 லிட்டர். பாட்டில் மலையாகக் குவியும், பொம்பளைங்க கழுவத் தண்ணி இருக்காது. ஈரமூட்டையைப் பிரித்தால் கிழிந்த பேண்ட், ஜிகினா சுடிதார். உள்ளாடை, நாப்கின், நைட்டி ஒன்றும் இருக்காது. அதைப் பிரிக்கவே நாலு பேர் ஒரு நாள் மாள வேண்டும். அந்த நாலு பேர் கொசுவலை கட்டியிருக்கலாம், கிழவிக்கு பிரஷர் மாத்திரை தேடியிருக்கலாம்.

அந்தப் பிள்ளைகள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. அடைத்த கக்கூஸில் கைவிட்டுக் குத்தி எடுத்தவர்கள். அவர்கள் முகம் தெரிய வீடியோ போட்டவர்கள், தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.