மாடியில் விளக்கு எரியவில்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு டன்லப் ஸ்திரீட் வழியாக நடந்து வந்தேன். எட்டரை மணி இருக்கும். கீழே கடைகளில் வெளிச்சம், தெருவில் கூட்டம். பழைய பழக்கத்தில் அண்ணாந்து மாடிகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருட்டு. எரிந்த சில விளக்குகளும் அலுவலகத்துக் குழல் விளக்குகள், இல்லையென்றால் பயணியர் விடுதி. ஒரு சன்னலில்கூடத் துணி காயவில்லை. ஒரு மாடியிலிருந்தும் தாளிக்கும் வாசம் இறங்கி வரவில்லை.

12 வயது வரை நான் வளர்ந்தது அந்தத் தெருவில்தான். அதனால் இதை எனக்கு நீளமாகத்தான் எழுத வரும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு ஒரு கடைவீட்டின் மாடி. வீடு என்று சொன்னாலும் எங்களுக்கென்று இருந்தது ஓர் அறை. கீழே மளிகைக் கடை; அப்பா அங்கே கணக்கு எழுதினார். மாடியைப் பலகை அடித்து நான்கு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். தடுப்பு கூரை வரை போகாது. கடைசி அறைப் பாட்டி இருமினால் நாங்கள் எல்லாரும் புரண்டு படுப்போம். முன்னறைக்கு மட்டும்தான் தெருப் பக்கம் சன்னல். நடு அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாக வர வேண்டும். கூரையில் திறப்பு விட்டிருப்பார்கள். மழை நேராகக் கீழே வந்து விழும். பின்கட்டில் பொதுச் சமையல், மூன்று அடுப்பு. யார் எப்போது உலை வைப்பது என்று எழுதாத ஒரு முறை இருந்தது. அதை மீறினால் இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

முன்னறைச் சன்னலில் நின்றால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் தெரியும். 1907இல் கட்டத் தொடங்கிய கட்டடம். வாசலுக்கு மேலே 25 கதிர்கள் கொண்ட சூரிய வட்டம் இருக்கிறதே, அந்தக் கதிர்களை எண்ணித்தான் நான் எண்ணக் கற்றுக்கொண்டேன். 25 நபிமார்களின் பெயர்கள் அவை என்று பிற்பாடு தெரிந்தது. விடியற்காலை பாங்கு சத்தத்துக்கு அம்மா எழுந்து குழாயடிக்குப் போவார். எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுதான்.

அப்புறம் அஞ்சடி. கடைவீடுகளின் முன்னால் தெரு நெடுக ஓடும் கூரையுள்ள நடைவழியை அப்படித்தான் சொல்வோம்; மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்பார்கள். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இந்த நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோதே, வீடுகளின் முன்னால் கூரையோடு தொடர்ச்சியாக வழி விட வேண்டும், அது எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் போட்ட விதி. ஆனால் மாடியில் இடமில்லாதவர்களுக்கு அதுவே திண்ணையாகிவிட்டது. பகலில் மாலை கட்டுபவர், சாயங்காலம் பல்லாங்குழி ஆடும் பெண்கள், ராத்திரி கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கும் கிழவர்கள். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தது, ஒரு தாத்தாவுக்குத் தமிழ் முரசைச் சத்தமாக வாசித்துக் காட்டி. அவருக்குக் கண் தெரியாது, எனக்குப் பாதி எழுத்து தெரியாது. எங்கள் பத்திரிகை வாசிப்பு நடந்தது அப்படி.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது கஷ்டமான வாழ்க்கை. கழிவறையில் வாளி. ஆள் வந்து எடுத்துப் போவார். சிங்கப்பூரில் அந்த வாளி முறை முழுவதாக ஒழிந்தது 1987இல்தான். மழைக்காலத்தில் ஓடு ஒழுகும், எலித் தொல்லை வேறு. 1977இல் அங் மோ கியோ அடுக்குமாடிப் பேட்டையில் எங்களுக்கு மூவறை வீடு கிடைத்தபோது, அம்மா முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்களுக்கு மட்டுமான குழாய். கதவைச் சாத்திக்கொள்ளும் கழிவறை. அம்மா இறக்கும் வரைக்கும் ஒரு நாள்கூட டன்லப் ஸ்திரீட் வீட்டுக்குத் திரும்பிப் போக ஆசைப்பட்டதில்லை. ஆனால் சாமான் வாங்க, கோயிலுக்கு, யாராவது தெரிந்தவர் முகம் பார்க்க என்று வாரம் இரண்டு முறை பேருந்து பிடித்து வந்துவிடுவார். அவர் ஏங்கியது அந்த மனிதர்களுக்குத்தான். இந்த வித்தியாசத்தை நான் புரிந்துகொள்ள வெகு காலமானது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்களைப் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இன்று தீவு முழுக்க 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இது சின்னக் காரியமில்லை. நிலம் இவ்வளவு குறைவான ஊரில், நகர நடுவில் இரண்டு மாடி மூன்று மாடிக் கட்டடங்களை இடிக்காமல் விடுவது என்றால் அதற்கு மனசு வேண்டும். அதுவும் நம் வட்டாரத்தில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டிக்கொள்ள விட மாட்டார்கள். பொதுச் சுவர், மர உத்தரம், மாடிப்படி, முற்றம், சன்னல், ஓடு எல்லாவற்றையும் முடிந்தவரை அப்படியே காக்க வேண்டும். பழுதான இடத்தை மட்டும் சீராக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு என் நன்றி உண்டு. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய டான் தெங் நியாவின் எட்டறை வீட்டைப் பாருங்கள். எருமையின் பெயரைத் தாங்கிய தெருவில் ஒரு சீன மிட்டாய் வணிகரின் மாளிகை. அது இன்றும் நிற்பதால்தான், தேக்கா என்றைக்கும் நம்முடையது மட்டுமாக இருந்ததில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது.

என் ஆதங்கம் வேறு. கட்டடத்துக்கு இத்தனை விதி எழுதியிருக்கிறோம். இந்த வட்டாரத்தின் நடுப்பகுதியில் என்ன மாதிரித் தொழில் நடக்கக் கூடாது என்பதற்கும் விதி இருக்கிறது. யார் அங்கே வாழ வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இது எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வாடகைக் கதை தெரிய வேண்டும். போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால் 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய வீடுகளின் வாடகையை உரிமையாளர் ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் காலி செய்யவும் முடியாது. ஏழைகளுக்கு அது பெரிய காவல். எங்களைப் போன்றவர்கள் நகர நடுவில் இருக்க முடிந்ததே அதனால்தான். ஆனால் பத்து வெள்ளியும் (டாலர்) இருபது வெள்ளியும் வாடகை வாங்கிக்கொண்டு எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? முதன்மைக் குடித்தனக்காரர் ஒருவர் பழைய வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுவார். அவரும் பழுது பார்க்க மாட்டார். ஆள் இருந்தார்கள், வீடு இடிந்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி 2001இல் முழுவதுமாக நீக்கினார்கள். உரிமையாளர்களிடம் பணமும் ஆர்வமும் வந்தன, வீடுகள் புதுப்பொலிவு பெற்றன. ஆட்கள் போனார்கள். இன்று ஒரு கடைவீடு பல மில்லியன் வெள்ளிக்குக் கைமாறுகிறது. அந்த விலை கொடுத்தவர் மாடியை மாலை கட்டும் குடும்பத்துக்கா வாடகைக்கு விடுவார்? அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு நாங்கள் இருந்த அதே வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு தம்பி கையில் கரண்டியோடு சுண்ணாம்புப் பூச்சு சரி பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்ததும், “என்னம்மா, யாரைத் தேடுறீங்க?” என்று கேட்டார். “தம்பி, நான் இந்த மாடியில இருந்தவ” என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, வாசற்படி வரை வந்து பார்க்கச் சொன்னார். உள்ளே விட அனுமதி இல்லை, சரிதான். அங்கிருந்தே மாடிப்படி தெரிந்தது. அதே படி. நடுவில் தேய்ந்து குழிந்த அதே மரம். மூன்றாவது படியில் என் தம்பி ஆணியால் கீறிய கோடுகூட இருக்கும் என்று நினைக்கிறேன், தூரத்தில் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வந்து ஏழு வருஷம். தங்குவது துவாஸ் பக்கம் ஒரு விடுதியில். “ஞாயித்துக்கிழமை மட்டும் தேக்காவுக்கு வருவேம்மா. வீட்டுக்குப் பணம் அனுப்பணும், கூட்டாளிங்களப் பாக்கணும்” என்றார்.

வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இறங்கியபோது அவருக்குப் படுக்க இடம் கொடுத்தது இந்த மாதிரி ஒரு கடைவீடு. ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்குச் சோறும் பாயும் வேலைத் தகவலும் கிடைக்கிற இடமாகத்தான் இந்தத் தெருக்கள் இருந்தன. இன்று அதே ஊர்ப் பக்கத்துப் பிள்ளை அந்த வீட்டின் சுவரைத் தன் கையால் மெழுகுகிறார். ஞாயிற்றுக்கிழமை புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிவிட்டு, ராத்திரி பேருந்து ஏறிப் போய்விடுகிறார். நம்மில் சிலர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நம் தாத்தாக்கள் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தது இப்படித்தான் என்று அவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த வட்டாரத்தின் பழைய உயிர் இன்னும் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதென்றால், அது ஞாயிறு சாயங்காலங்களில் இருக்கிறது.

இழப்பு எப்படி இருக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், இரு பக்கமும் ஆளுக்கொரு பெட்டி, அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படிநிலை. ராத்திரி அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். இந்த ஊரின் எத்தனையோ கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் கடன் பிறந்த இடம் அது. 1970களில் நிதி வட்டாரத்தை விரிவாக்க அவற்றை இடித்தார்கள். அந்த இடத்தில் 1984இல் ஒரு அடுக்குமாடி வாகன நிறுத்தம் வந்தது. அதையும் 2017இல் மூடி இடித்து, இன்று வானுயரக் கோபுரம் நிற்கிறது. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கிட்டங்கி என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருக்கும். அங்கே கட்டடமும் போனது, ஆட்களும் போனார்கள். தேக்காவில் கட்டடமாவது இருக்கிறது. அதனால்தான் இன்னும் நேரம் இருக்கிறது என்கிறேன்.

நான் கேட்பது ஆகாத காரியம் ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியாவில் அரசுக்குச் சொந்தமான கடைவீடுகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் மாடியை மட்டும் குடியிருப்புக்கு என்று ஒதுக்குங்கள். கீழே தொழில் செய்பவர் மேலே குடியிருக்கலாம். மாலை கட்டுபவர், நகை ஆசாரி, தையல்காரர், கோயில் மேளக்காரர். ஒரு தெருவுக்கு ஐந்து மாடி போதும். எமரால்டு ஹில்லில் பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, அதனால் வீட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. ஆனால் அங்கே வாழப் பெரும் பணம் வேண்டும். நான் சொல்வது சாதாரண மனிதர்களுக்கு. தீயணைப்பு விதி, கழிவறை, மின்கம்பி எல்லாம் இன்றைய தரத்தில் இருக்கட்டும். பலகைத் தடுப்பும் வாளியும் யாருக்கும் வேண்டாம். நீண்ட காலமாக நடக்கும் மரபுத் தொழில்களை அங்கீகரிக்க 2025இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. அந்தத் தொழில்காரர் ராத்திரி எங்கே தூங்குகிறார் என்பதையும் அதே திட்டம் யோசிக்கட்டும்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் நியாயமில்லை. நம் பங்கும் இருக்கிறது. எந்த ஆண்டு கட்டியது, எந்தப் பாணி, என்ன ஓடு என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. மாடியில் யார் இருந்தார்கள் என்பது எங்கேயும் இல்லை. உள்வாடகைக்காரர் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் வராது. அது நம் தலைமுறையின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது, எனக்கே வயது 61. என் அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டியதை நான் எழுதாமல் விட்டேன். அந்த வருத்தம் எனக்குப் போதும், உங்களுக்கு வர வேண்டாம்.

அதனால் என் வீட்டை முதலில் எழுதிவிடுகிறேன்.

டன்லப் ஸ்திரீட், பள்ளிவாசல் தெரியும் பக்கம், 1970 முதல் 1977 வரை. கீழே: மளிகைக் கடை, முதலாளி ராவுத்தர், இரவில் கடைக்குள் படுக்கும் இரண்டு பையன்கள். மாடி முன்னறை: துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், மனைவி, மூன்று பெண்கள். இரண்டாவது அறை: நாங்கள் ஐந்து பேர். மூன்றாவது அறை: கஃப் ரோட்டு மிளகாய் மில்லில் வேலை பார்த்த இரண்டு அண்ணன் தம்பிகள், அவர்கள் வந்தால் எங்களுக்கெல்லாம் தும்மல் வரும். கடைசி அறை: இருமல் பாட்டி, பால்காரரின் விதவை, பிள்ளைகள் கிடையாது, நாங்கள்தான் பிள்ளைகள். மாடிப்படிக்குக் கீழே: ஒரு கட்டில் அளவு இடம், அதில் பகலில் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகும் காவல்காரர்.

உங்கள் வீட்டைக் கீழே எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வருஷம், எந்த அறையில் யார். பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் தொழில் மட்டும் போதும். அப்பா அம்மா இன்னும் இருக்கிறார்கள் என்றால், இன்றிரவே கேளுங்கள்.