பெயர் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகிவிடுமா?

ஆர் மொழியிலிருந்து பைத்தானுக்கு ஒரு காலத்தொடர் நிரலை மாற்றிக் கொடுத்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல: "இரண்டிலும் எஸ்டிஎல்தானே, பிறகு எண்கள் ஏன் வேறாக வருகின்றன?" எஸ்டிஎல் என்பது ஒரு காலத்தொடரைப் போக்கு, பருவம், எச்சம் என்ற மூன்று கூறுகளாகப் பிரிக்கும் முறை. இன்று அந்தக் கேள்வி என் நிரலில் பிழை என்ற தீர்ப்போடு சேர்ந்தே வந்தது. தீர்ப்புச் சொன்னவர் இரண்டு மூல நிரல்களில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சோதனைக்கு எடுத்தது ஆருடன் வரும் நாட்டிங்காம் வெப்பநிலைத் தரவு; 1920 முதல் 1939 வரை 240 மாதங்கள். ஆரில் பருவச் சாளரத்துக்கு, அதாவது பருவக் கூறைக் கணக்கிட எத்தனை புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பது என்ற அளவுக்கு, 'பீரியாடிக்' என்று கொடுத்தால் போதும், விடை வந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன நடக்கிறது? சாளர நீளம், தரவு எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி ஒன்று கூட்டியதாக, 2401 ஆகிறது. அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு வளைவை வழவழப்பாக்கும் லோயெஸ், பருவக் கூறுக்குப் பொருத்தும் பல்லுறுப்புக்கோவையின் படி பூச்சியமாகிறது. போக்குச் சாளரம் அந்த 2401ஐக் கொண்டு கணக்கிடப்பட்டு 19 ஆகிறது. எல்லாப் புள்ளிகளிலும் பொருத்தாமல், பருவக் கூறுக்கு 241, போக்குக்கு 2 என்ற தாவல் அளவுகளில் பொருத்திவிட்டு, இடைப்பட்டவற்றை நேர்கோட்டால் நிரப்புகிறது. இவ்வளவும் முடிந்து, ஆருக்குள் இந்தக் கணக்கைச் செய்யும் ஃபோர்ட்ரான் மொழி நிரல் திருப்பித் தரும் பருவக் கூறை, ஆர் மீண்டும் மாதவாரியாகச் சராசரி எடுத்து மாற்றி வைக்கிறது. இந்தக் கடைசி வேலை ஆரின் மேலுறையில் நடப்பதால், ஃபோர்ட்ரானை வரிக்கு வரி பெயர்த்தவரின் கண்ணிலும் அது படாது.

பைத்தானின் புள்ளியியல் தொகுப்பான ஸ்டேட்ஸ்மாடல்ஸில் முன்னிருப்பாக, அதாவது நாம் எதுவும் கொடுக்காவிட்டால், பருவச் சாளரம் 7, தாவல்கள் எல்லாம் 1, கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் உட்சுற்றுகள் ஆரில் 2 என்றால் இங்கே 5. இரண்டுமே முறையான எஸ்டிஎல்தான். கிளீவ்லண்டும் மற்ற மூவரும் 1990இல் வெளியிட்ட முறை இந்தத் தேர்வுகளுக்கு இடம் தருகிறது. அப்படியிருக்க, எந்த அளவுருக்களோடு பழைய விடை கிடைத்தது என்று ஒரு வரிகூட எழுதி வைக்காமல், "அதே விடை வர வேண்டும்" என்று மட்டும் கேட்பது எந்த வகையில் நியாயம்? முன்னிருப்பு மதிப்புகளும் கணக்கின் பகுதிதான். அவற்றைத் தோண்டி எடுப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

அத்தனையையும் தேடிப் பொருத்தி, மூன்று கூறுகளும் ஒத்துவந்த பிறகு அடுத்த புகார் வந்திருக்கிறது: எச்சத்தின் திட்ட விலக்கம் பொருந்தவில்லையாம். ஆர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 239ஆல் வகுக்கிறது, பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பை முன்னிருப்பாக 240ஆல் வகுக்கிறது. அதையும் என் பிழை என்றே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.