ஜாய் டிவிஷனை ஒரு மரணத்துக்குள் அடைக்க வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் மே 18 வந்துவிட்டால் பாடகர் இயன் கர்ட்டிஸின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாகப் பகிரப்படுகின்றன. 1980இல் அந்த நாளில், 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஓர் இளைஞனை நினைவுகூர்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அவர் பாடிய ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழு செய்த அனைத்தும் அந்த ஒரு நாளை நோக்கியே நகர்ந்தது என்பதுபோல எழுதப்படும் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. நான்கு பேர் சேர்ந்து உழைத்து உருவாக்கிய இசை அது. அதை ஒருவருடைய துயரத்தின் பின்னணி ஓசையாகச் சுருக்குவது, இறந்தவருக்கும் நியாயமன்று, உயிரோடிருப்பவர்களுக்கும் நியாயமன்று.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக் குழு வாசித்தபோது, சால்ஃபோர்டில் ஒன்றாகப் பள்ளியில் படித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் அந்தச் சிறிய கூட்டத்தில் இருந்தார்கள். அதற்குப் பின்புதான் ஹூக் தன் முதல் பேஸ் கிட்டாரை வாங்கினார். பாடகராகக் கர்ட்டிஸ் வந்தார்; 1977இல் மேக்கிள்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஸ்டீஃபன் மாரிஸ் டிரம்ஸ் வாசிக்க வந்ததும் குழு முழுமை பெற்றது. பாடகர் டேவிட் போவியின் இசைத்துண்டு ஒன்றிலிருந்து எடுத்த ‘வார்சா’ என்ற பெயரைக் கைவிட்டு, 1978இன் தொடக்கத்தில் ஜாய் டிவிஷன் ஆனார்கள். நாஜி முகாம்களில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களைக் குறித்து ஒரு நாவலில் வரும் சொல் அது. முதல் சிறு இசைத்தட்டின் உறையிலும் ஹிட்லர் இளைஞர் படையின் சிறுவன் ஒருவனின் உருவத்தையே வைத்தார்கள். அதிர்ச்சியூட்டுவது பங்க் இசையின் வழக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்களின் துன்பத்தை ஒரு குழுவின் பெயராக்கியது தவறு. இந்த இசையை நேசிக்கும் நாமே அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இசைக்கு வருகிறேன். ஹூக்கின் பேஸ் ஏன் அவ்வளவு உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது என்பதற்கு அவரே பலமுறை காரணம் சொல்லியிருக்கிறார். ஒத்திகையில் சம்னரின் கிட்டார் ஓசை மிகுதியாக இருந்ததாலும், தன்னுடைய மலிவான ஒலிபெருக்கி அதனோடு போட்டியிட முடியாததாலும், கீழ்த் தந்திகளில் வாசித்தால் அவருக்கே தன் வாசிப்பு கேட்கவில்லை. மேல் தந்திகளுக்குப் போனபோதுதான் கேட்டது. அந்த ஓசை கர்ட்டிஸுக்குப் பிடித்துப்போயிற்று. வாத்தியம் வாசிப்பதில் பெரிய தேர்ச்சி இல்லாத கர்ட்டிஸ், மற்ற மூவரும் மனம்போன போக்கில் வாசித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் துண்டு பாட்டாகும் என்பதைக் காதால் பிடித்துச் சொல்லும் ஆற்றல் பெற்றிருந்தார். பேஸ் மெட்டை ஏந்த, கிட்டார் இடையிடையே வெட்டிச் செல்ல, டிரம்ஸ் இயந்திரம்போல் சீராக ஓட, குரல் இவற்றுக்கு அடியில் தாழ்ந்து ஒலிக்கும் அந்த அமைப்பு இப்படித்தான், பணமில்லாத ஓர் ஒத்திகை அறையில் பிறந்தது.

1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவின் முதல் ஆல்பமான ‘அன்நோன் ப்ளஷர்ஸ்’ பதிவானபோது, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட் ஐந்தாவது உறுப்பினரைப்போலவே செயல்பட்டார். ஓர் ஓசை மற்றொன்றில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக மாரிஸை ஒவ்வொரு டிரம்மாகத் தனித்தனியே வாசிக்கவைத்தார். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த டிஜிட்டல் எதிரொலிக் கருவியைக் கொண்டு ஓசைகளுக்கு இடையே வெற்றிடத்தை விரித்தார். மேடையில் தாங்கள் எழுப்பிய முரட்டுத்தனமெல்லாம் இசைத்தட்டில் வடிந்துவிட்டது என்று ஹூக்கும் சம்னரும் அப்போது மனக்குறைப்பட்டார்கள். ஹேனட்டின் முடிவே சரி என்பது என் கருத்து. மேடை ஓசை அந்தக் காலத்தோடு போயிருக்கும். அவர் உருவாக்கிய வெற்றிடம் இன்றும் பழசாகவில்லை. பீட்டர் சாவில் வடிவமைத்த உறை எல்லோருக்கும் தெரியும். இன்று டி-ஷர்ட்டுகளில் காணும் அந்த வெள்ளைக் கோடுகள், 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் துடிப்பு விண்மீனின் (பல்சர்) ரேடியோ சமிக்ஞைகள். உறையின் முகப்பில் குழுவின் பெயர்கூட இல்லை.

இப்போது எனக்குச் சொல்லக் கடினமான பகுதி. 1978 டிசம்பரில், லண்டன் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், கர்ட்டிஸுக்குப் பெரிய வலிப்பு ஏற்பட்டது. அடுத்த மாதமே வலிப்பு நோய் என உறுதியானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் பணியில் இருந்த அவர், அங்கே சந்தித்த வலிப்பு நோயுள்ள பெண்ணொருவரைப் பற்றி முன்பே பாட்டு எழுதியிருந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகள் கடுமையானவை. மனநிலையைப் பாதிக்கக் கூடியவை. ஓய்வும் உறக்கமும் தேவைப்பட்ட உடலோடு அவர் இரவுதோறும் மேடையேறினார். 1980 ஏப்ரல் 4 அன்று லண்டனில் ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சிகள். சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்குப் போனார். அப்படியிருந்தும் ஏப்ரல் 8 அன்று பெரி நகர நிகழ்ச்சி ரத்து செய்யப்படவில்லை. அவர் ஓரிரு பாடல்களே பாட, மற்றவற்றை வேறு பாடகர்கள் பாட, கூட்டம் புட்டிகளை வீசியது. இதைக் காவியச் சோகம் என்று எழுதுகிறவர்கள், ஒரு நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய பராமரிப்பு கிடைக்காமல்போன எளிய, கொடிய உண்மையை மறைத்துவிடுகிறார்கள். அவரைச் சுற்றியிருந்தவர்கள் கொடியவர்களும் அல்லர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னதை நம்பினார்கள். அவருடைய வரிகளை அப்போது தாங்கள் கூர்ந்து கேட்கவில்லை என்று பிற்காலத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் அவர் இறந்தார். ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் 13ஆம் இடத்தை எட்டியதையும், ஜூலையில் இரண்டாவது ஆல்பமான ‘க்ளோசர்’ வெளியானதையும் அவர் பார்க்கவில்லை. எஞ்சிய மூவரும் பழைய பெயரை விட்டுவிட்டு, நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கில்லியன் கில்பர்ட் அவர்களோடு சேர்ந்தார். 1983இல் அவர்களுடைய ‘ப்ளூ மண்டே’ பாடல் வந்து நடன அரங்குகளை நிறைத்தது தனிக் கதை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு வேலையைத்தான். கர்ட்டிஸ் கடைசி வாரங்களில் பாடிய ‘செரிமனி’ பாடலைப் புதிய குழு தன் முதல் வெளியீடாகப் பதிவுசெய்ய விரும்பியது. கையில் இருந்த பழைய ஒலிநாடாவில் அவர் குரல் வாத்தியங்களுக்குள் புதைந்து கிடந்தது. சம்னர் அந்த நாடாவை ஈக்வலைசர் என்ற, ஓசையின் சுருதிப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி வழியாக ஓட்டி, மற்ற ஓசைகளைக் குறைத்துக் குறைத்து, தன் நண்பன் என்ன பாடினான் என்பதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதியெடுத்தார்.